யாரோட ஆளு

— இல்லண்ணே, இப்பவும் அதேதான். ஸ்பூனை வாய்கிட்ட கொண்டுபோனா உதட்டை இறுக்கி மூடிக்கிறாரு. என்னை ஏற இறங்கப் பார்க்கிறாரு. பார்த்துட்டு, 'வேறே, வேறே'ங்கிறாரு.

— ஏம்மா, மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் சலூன் வச்சிருக்கிறவன். வெட்டச் சொன்னா வெட்டுவேன், மழிக்கச் சொன்னா மழிப்பேன். ஆஸ்பத்திரிக்கு வந்து புருஷன் பொண்டாட்டி நடுவுல பேசறது எனக்குப் பழக்கமில்ல.

— தெரியும்ணே. வேற வழியில்லாமதான் உங்க கடைப்படி ஏறினேன். அவரோட ஊர்ப்பேச்சு, மேட்டுப்பேச்சு, பேசறவரு எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க. சிஸ்டர், இவருதான் நான் சொன்ன சலூன் அண்ணன்.

— வாங்கண்ணே. கட்டில்கிட்ட ஒரு ஆளுதான் இருக்கணும்னு சட்டம். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், சரியா? சத்தம் மட்டும் போடாதீங்க.

— சத்தம் போடற ஆளு இல்லம்மா நான். உள்ளதச் சொல்ற ஆளு. என்ன ஆச்சு இவருக்கு?

— மூளையில ரத்தம் அடைச்சு வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் நின்னுபோச்சு. அப்புறம் மெல்லத் திரும்பி வந்தது. ஆனா வந்தது சின்ன வயசுல பேசின பேச்சு மட்டும்தான். பின்னால கத்துக்கிட்டது எதுவும் வரல. சில பேருக்கு இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாரு.

— பாருங்களேன்ணே. இத்தனை வருஷமா என்கிட்ட என் பேச்சுலதான் பேசினாரு. சண்டைகூட என் பேச்சுலதான் போட்டாரு. இப்ப நான் பேசினா சுவத்தப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாரு.

— முழுங்க முடியுமா?

— அதெல்லாம் சோதிச்சுப் பார்த்தாச்சு. முழுங்கலாம். தண்ணி குடிக்கிறாரு. கஞ்சியக் கொண்டுவந்தாத்தான் வாயத் திறக்க மாட்டேங்கிறாரு. இன்னிக்கும் சாப்பிடலைன்னா காலையில மூக்கு வழியா குழாய் விட்டுருவாங்க. அது அவருக்கும் கஷ்டம், பார்க்கிற இந்த அக்காவுக்கும் கஷ்டம்.

— குழாய் வேண்டாம்ணே. எதுக்காக வாயை மூடிக்கிறாருன்னு தெரிஞ்சா போதும். என் கை பிடிக்கலையா, அதயாவது கேட்டுச் சொல்லுங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லட்டும், நான் தாங்கிக்கிறேன்.

— உங்க கோயில் ஆளுங்க வரலையா?

— அது ஒரு கூத்துண்ணே. நான் சிஸ்டர்கிட்ட, 'நம்மாளுங்க யாரையாவது கூப்பிடுங்க'ன்னு அழுதேன். இவங்க நேரா மணிக்கோயிலுக்குப் போன் போட்டுட்டாங்க.

— பின்ன என்னக்கா? சேர்க்கும்போது எந்தக் கோயில்னு கேட்டேன், மணிக்கோயில்னீங்க. நம்மாளுன்னா கோயில் ஆளுன்னுதானே எனக்குத் தோணும்.

— அவங்களும் பாவம், வேலையப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. கட்டிலச் சுத்தி நின்னு பாடினாங்க. நல்லாத்தான் பாடினாங்க. பாடி முடிச்சுட்டு, 'இவரு என்னம்மா சொல்றாரு?'ன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

— பாட்டுக்கு மட்டும் உங்க பக்கம் குறைச்சலே கிடையாது.

— கிண்டல் பண்ணாதீங்கண்ணே. வந்தாங்கல்ல.

— வந்தாங்க, வந்தாங்க. இல்லைன்னு சொல்லல. நீங்க எந்தப் பக்கம் சிஸ்டர்?

— பேச்சுல நான் கரைக்காரி, இந்த அக்கா மாதிரி. கோயில் மட்டும் உங்க கோயில். மணி கிடையாது.

— அட, அப்ப நீங்க நம்மாளு.

— எனக்கும்தான் அவங்க நம்மாளு. எங்கம்மா பேசற மாதிரியே இழுத்து இழுத்துப் பேசறாங்க.

— ஆளுக்கு ஒரு கையப் பிடிச்சு இழுங்க. நடுவுல என் ட்யூட்டி கிழிஞ்சு போகட்டும்.

— சரி, தண்ணி கொஞ்சம் வெதுவெதுப்பா கிடைக்குமா? மொதல்ல இந்த மூஞ்சியச் சரி பண்றேன். தாடியோட கிடக்கிறவன்கிட்ட என்னத்தப் பேசறது. சோப்பு நுரை பட்டா எந்த ஆம்பளையும் தானா வாயத் திறப்பான். என் கடையில நான் கேட்காமலே எத்தனை ரகசியம் விழுந்திருக்கு தெரியுமா.

— இருங்க, கொண்டு வர்றேன். பிளேடு புதுசா?

— உறை பிரிக்காததும்மா. பாருங்க.

— அவரு உங்களை உத்துப் பார்க்கிறாருண்ணே.

— பார்ப்பான், பார்ப்பான். கோயில் மாறின நாளோட என் கடைப்பக்கம் வர்றத நிறுத்தினவன்தானே. ரெண்டு தெரு தள்ளிப் போய் வெட்டிக்கிட்டான். அதையும் ஒழுங்கா வெட்டிக்கிட்டானா, பின்னங்கழுத்தப் பாருங்க, எலி கடிச்ச மாதிரி. இந்தத் தலைய என் கண்ணு முன்னாடி தெருவுல கொண்டு திரிஞ்சான்ல, அதுதான் எனக்குப் பெரிய கோபம்.

— எனக்காக மாறலண்ணே. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நான் கேட்கவே இல்லை. கல்யாணத்துக்கு அப்புறமும் தனித்தனியாத்தான் போய்க்கிட்டிருந்தோம். ஒரு நாள் என் பின்னாடியே வந்து வாசல்ல நின்னாரு. 'உள்ள வரலாமா?'ன்னாரு. பாருங்களேன், மெக்கானிக்கு, கையெல்லாம் கிரீஸு, அப்படியே நிக்கிறாரு. ஏன் வந்தீங்கன்னு கேட்டதுக்கு, 'மணி சத்தம் பிடிச்சிருக்கு'ன்னாரு. அவ்வளவுதான் காரணம்.

— மணி சத்தத்துக்காக ஒருத்தன் கோயிலை மாத்துவானா?

— மாத்தினாரே. எந்த இன்ஜினும் சத்தத்துலதான் தன் மனசச் சொல்லும்னு சொல்ற ஆளு அவரு. அவருக்கு எல்லாமே காதுதான்.

— அது வாஸ்தவம். பானெட்டத் தூக்காமலே கோளாறு எங்கன்னு சொல்லிடுவான். நானே பார்த்திருக்கேன். ஒரு தடவ எங்க கோயில் வண்டிய எவனாலயும் கிளப்ப முடியல. கோயிலை விட்டுப் போனவன்கிட்ட யாரு போய்க் கேக்கிறதுன்னு எங்காளுங்களுக்கு ரோஷம். அவனே தெருவுல போறவன் நின்னு, காதக் கொடுத்து, ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டான். நன்றி சொல்லக்கூட ஆளு இல்ல அங்க. கெட்டிக்காரன்மா. பிடிக்காதவன்னாலும் கெட்டிக்காரனை கெட்டிக்காரன்னுதான் சொல்லணும்.

— அண்ணே, தண்ணி. சூடு போதுமா? தாடையக் கொஞ்சம் பார்த்து. வலது பக்கம் தொங்கிப்போய் இருக்கு.

— தெரியுதும்மா. தோலை இழுத்துப் பிடிச்சுதான் போகணும். மீசையத் தொட மாட்டேன். அது அவன் பொருளு.

— ஒண்ணு சொல்லட்டுமாண்ணே. காலையில மணிக்கோயில் மணி அடிச்சா இங்க வரைக்கும் கேக்கும். அடிச்சவுடனே இவரோட இடது கை கும்பிடற மாதிரி தானா நெஞ்சுக்குப் போகுது. ட்யூட்டியில தினமும் பார்க்கிறேன்.

— அப்படியா? கீழ எங்க கோயில்காரங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க. விஷயம் காத்துல போயிடுச்சு. பழைய பேச்சு திரும்பி வந்திருக்குன்னா ஆளே திரும்பி வந்துட்டான்னு அவங்களுக்கு நினைப்பு. உள்ளதச் சொல்லணும்னா, எனக்கும் படி ஏறும்போது அந்த நினைப்புத்தான்.

— பேச்சுதானே திரும்பியிருக்கு. கோயில் திரும்பலையே.

— அதான் பார்க்கிறேன். வாய் எங்க பக்கம், கை உங்க பக்கம். நல்லாப் பாகம் பிரிச்சிருக்கான். இரு, இரு, அசையாத. ஏதோ சொல்றான்.

— அதேதாண்ணே. கேட்டீங்கல்ல? 'வேறே'ங்கிறாரு. நான் வேற, நீ வேறன்னு சொல்றாரு.

— ஏம்மா, அது வேறே இல்ல. வேரே.

— அதையேதானே நானும் சொன்னேன்.

— காதுக்கு ஒண்ணாத்தான் கேக்கும். உங்க வேறே வேற, எங்க வேரே வேற.

— அண்ணே, எனக்கே தலை சுத்துது. இந்த அக்கா சாப்பிடாம கிடக்கிறாங்க, மெதுவாச் சொல்லுங்க.

— எங்க பேச்சுல வேரேன்னா ஆளுங்க. மரத்துக்கு வேரு இருக்குல்ல, அந்த வேரு. நீங்க எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையா நம்மாளுன்னு வச்சிருக்கீங்க. கோயில்ல நின்னாலும் நம்மாளு, ஒரே பேச்சு பேசினாலும் நம்மாளு, ரெண்டு நாள் ஒரே பஸ்ஸுல வந்தாலும் நம்மாளு. அதனாலதான் சிஸ்டர் தப்பான இடத்துக்குப் போன் போட்டாங்க. எங்களுக்கு அந்தக் குழப்பமே வராது. கோயில்ல பக்கத்துல நிக்கிறவன் கூட்டே. பொறப்புல வர்றவன் வேரே. கூட்டேயை நாம சேர்த்துக்கலாம், விட்டுட்டும் போகலாம். இவன் விட்டுட்டுப் போனான்ல, அந்த மாதிரி. வேரேயை மாத்த முடியாது. பொறக்கும்போதே கையில கொடுத்து அனுப்பிடறாங்க.

— அப்ப என்னை வேறன்னு தள்ளலையா அவரு?

— தள்ளல. அந்த வார்த்தையே இல்ல அது.

— சாமி, போதும். இதுவே போதும். நாலு நாளா அந்த ஒரு வார்த்தையக் கேட்டுக் கேட்டு நான் செத்துப் பொழைச்சேன்ணே. நடுவுல ஒரே ஒரு தடவ என் இஸ்திரிக் கடைக்கு ஓடினேன், அங்கயும் காதுல அதுதான். ஒருத்தரோட வெள்ளைச் சட்டையத் தீச்சுட்டேன்.

— அவசரப்படாதீங்க. முழுசாச் சொல்றேன். 'ஏனே வேரே'ங்கிறான். ஏனேன்னா என்னோட. என் ஆளுங்க எங்கன்னு கேக்கிறான்.

— என் ஆளுங்க எங்கன்னா?

— தன்னோட ஜனத்தக் கேக்கிறான். மேட்டுக்காரங்களை. நான் உள்ளதத்தான் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க. நோவு வந்தா மனுஷன் வேரத் தேடுவான். அது இயற்கை.

— இத்தனை வருஷமா பக்கத்துல கிடந்தேனே. நான் யாருண்ணே அப்ப?

— நீங்க கூட்டேம்மா. அவன் தானா வந்து சேர்ந்த இடம். அது குறைச்சல்னு நான் சொல்லல.

— அக்கா, உக்காருங்க. கிண்ணத்தை இப்படிக் கொடுங்க.

— இல்ல சிஸ்டர், ஒண்ணுமில்ல. அண்ணே, அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. கீழ நிக்கிறவங்களை மேல வரச் சொல்லுங்க.

— எங்க கோயில்காரங்களையா?

— அவங்க மேட்டுக்காரங்கதானே. வந்து அவங்க பேச்சுல நாலு வார்த்தை பேசட்டும். அவங்க கையால கொடுக்கட்டும். நான் வேணும்னா வெளிய போய் நின்னுக்கிறேன். மூக்குல குழாய் வராம ஒரு வாய் கஞ்சி உள்ள போனா சரி, அது யார் கையா இருந்தா என்ன?

— அவங்க வந்தா சும்மா போக மாட்டாங்கம்மா. காதுல எங்க மந்திரத்த ஓதிட்டு, எங்காளு எங்ககிட்டயே வந்துட்டான்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுப் போவாங்க.

— சொல்லிட்டுப் போகட்டும். ஆளு இருந்தாத்தானே எந்தக் கோயில்னு சண்டை போட முடியும்.

— கேட்டீங்களா சிஸ்டர்?

— கேட்டேன்ணே. இந்த வார்டுல நான் நிறைய பேரைப் பார்த்திருக்கேன். தன் பக்கத்து சொந்தம் கொடுத்தாத்தான் சாப்பிடணும்னு சண்டை பிடிச்சவங்களைப் பார்த்திருக்கேன். விட்டுக்கொடுத்து வெளிய நிக்கிறேன்னு சொன்ன ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்.

— நான் தப்பா எடை போட்டுட்டேன்மா உங்களை. அவனை எங்ககிட்டேயிருந்து கொண்டுபோன பொம்பளைன்னுதான் இத்தனை நாளும் நினைச்சிருந்தேன். சரி, அவங்க எதுக்கு? நான் இல்லையா, நானும் மேட்டுக்காரன்தானே. கிண்ணத்தக் கொடுங்க, நான் ஊட்டறேன். டேய், மெக்கானிக்கு. இங்க பாரு. நம்ம பேச்சு, நம்ம ஆளு. வாயத் தொற.

— திறக்க மாட்டேங்கிறாரே.

— திறப்பான், இருங்க.

— அண்ணே, உங்களுக்கும் மூடிக்கிட்டாரு. இடது கையால ஸ்பூனைத் தள்ளிவிடறாரு பாருங்க.

— இது என்னடா வம்பு. ஏனே வேரேன்னு நீதானே கேட்ட? வேரே வந்து நிக்கிறேன், எனக்கும் வாயை மூடிக்கிற. அப்ப நீ யாரைத்தான் கேக்கிற?

— உதடு வெடிச்சுப் போயிருக்குண்ணே. வலது பக்க நாக்கும் சரியாத் திரும்பாது. பாதி எழுத்து வழுக்கிடும். கொஞ்சம் தண்ணிய நனைச்சு வாயத் துடைச்சுவிடறேன், அப்புறம் கேட்டுப் பாருங்க. அவசரப்படுத்தாதீங்க, சரியா?

— துடைங்க. நான் காதை அவன் வாய்கிட்டயே வச்சுக்கிறேன்.

— சிஸ்டர், நான் கொஞ்சம் தள்ளி நிக்கட்டுமா? என்னைப் பார்த்தா அவருக்கு என்னவோ பண்ணுது.

— நில்லுங்கக்கா. அவரு உங்களைத்தான் பார்க்கிறாரு. நீங்க நகர்ந்தா கண்ணும் கூடவே நகருது. இதோ, பேசறாரு. இவ்வளவு நீளமா நான் கேட்டதே இல்லை.

— என்னண்ணே சொல்றாரு?

— இருங்கம்மா.

— அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறாரே.

— ஒரு நிமிஷம் இருங்கம்மா, கும்பிடறேன்.

— ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிறாங்கக்கா. சலூன் அண்ணன் ஏதோ பதில் சொல்றாரு. உங்க வீட்டுக்காரரு அதையே திருப்பிக் கேக்கிறாரு போல. அண்ணன் மறுபடியும் சொல்றாரு. அண்ணே, என்ன, கண்ணத் துடைக்கிறீங்க?

— சோப்பு நுரை பட்டுடுச்சு.

— நுரையெல்லாம் எப்பவோ துடைச்சாச்சு.

— ஏம்மா, நீங்க எப்ப சாப்பிட்டீங்க?

— என்னண்ணே இந்த நேரத்துல இந்தக் கேள்வி?

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— நேத்து சிஸ்டர் ஒரு பன் கொடுத்தாங்க. பாதி சாப்பிட்டேன். ஞாபகமில்ல.

— இந்தக் கிண்ணத்துலயிருந்து ஒரு வாய் நீங்க சாப்பிடுங்க. அவன் பார்க்கிற மாதிரி.

— அவருக்கு வச்சதுண்ணே இது.

— சாப்பிடுங்கன்னு சொன்னா சாப்பிடுங்களேன். தள்ளிப் போகாதீங்க, கட்டில் பக்கத்துலயே நின்னு. ம். இன்னொரு வாய். முழுங்குங்க. முழுங்கறது அவனுக்குத் தெரியணும்.

— அக்கா, அவரப் பாருங்க.

— என்ன சிஸ்டர்?

— வாயத் திறக்கிறாரு. ஸ்பூனை எடுங்க. கொஞ்சமா, இடது பக்கமா வைங்க. அவசரம் வேண்டாம். முழுங்கட்டும். முழுங்கிட்டாரு. இன்னொண்ணு கொடுங்க. நான் போய் டாக்டர்கிட்ட குழாய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன். அழாதீங்கக்கா, கை ஆடினா கஞ்சி கழுத்துல கொட்டும்.

— அழல சிஸ்டர். நீங்க போய்ச் சொல்லுங்க. அண்ணே, பாருங்களேன், கேட்டு வாங்கிச் சாப்பிடற மாதிரி சாப்பிடறாரு.

— சாப்பிடட்டும், சாப்பிடட்டும். நான் சாமானையெல்லாம் எடுத்து வைக்கிறேன். கீழ நிக்கிறவங்களையும் வீட்டுக்குப் போகச் சொல்லணும்.

— போகாதீங்கண்ணே. அவரு என்ன கேட்டாருன்னு சொல்லாம போறீங்களே.

— சாப்பிட்டான்ல. அதோட விடுங்களேன்.

— உள்ளதச் சொல்ற ஆளுன்னு நீங்கதானே சொன்னீங்க.

— வலிக்கும்மா.

— நாலு நாளா வலிச்சதுக்கு மேலயா?

— நீங்க யாருன்னு அவனுக்குத் தெரியல.

— சுத்தமாவா?

— சுத்தமா. பேரு தெரியல, கல்யாணம் தெரியல. சின்ன வயசுக்குப் போய் உக்காந்திருக்கான். நாளைக்கோ என்னைக்கோ திரும்பி வருவானா என்னன்னு அது டாக்டர் சொல்லணும்.

— அப்ப யாருன்னு நினைச்சுக்கிட்டு என் கையால சாப்பிடறாரு?

— நான்தான்மா தப்பாக் கேட்டேன். அவன் சொன்னது 'ஏனே' இல்ல. 'ஏளே'. என்னோடன்னு நான் நினைச்சேன். அது, இவளோட. பாதி நாக்குல ரெண்டும் ஒண்ணா வழுக்கிடுச்சு. தன் ஆளுங்க எங்கன்னு அவன் கேக்கவே இல்ல. நாங்க எல்லாரும் இவன் யாரோட ஆளுன்னு வாசல்ல நின்னு அடிச்சுக்கிட்டிருக்கோம். அவன் உங்களைப் பத்திக் கேட்டுக்கிட்டிருந்திருக்கான்.

— என்னைப் பத்தியா?

— 'இந்தப் பொண்ணு ராத்திரி பகலா இங்கயே உக்காந்திருக்கா. கிண்ணத்த என்கிட்ட நீட்டறாளே தவிர ஒரு வாய் தின்னல. இவளோட வேரே எங்க? வந்து கூட்டிக்கிட்டுப் போய்ச் சோறு போட இவளுக்கு ஒருத்தரும் இல்லையா? அவ பட்டினி கிடக்கும்போது நான் எப்படித் திங்கறது?' இதத்தான் நாலு நாளா கேட்டிருக்கான், யாருன்னே தெரியாத பொம்பளைக்காக. எந்தக் கோயில் இதச் சொல்லிக் கொடுத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எங்க கோயிலா இருந்தா எனக்குப் பெருமை, உங்க கோயிலா இருந்தா உங்களுக்குப் பெருமை.

— நீங்க என்னண்ணே பதில் சொன்னீங்க?

— எங்க பேச்சுல வேரேங்கிற வார்த்தை பொறப்புக்கு மட்டும்தான்மா. கட்டிக்கிட்டு வந்தவங்களுக்குச் சொல்றதில்ல. நான் சொன்னதக் கேட்டா எங்க ஜனம் சிரிக்கும், இவனுக்குப் பேசவே தெரியலைன்னு.

— சொல்லுங்கண்ணே.

— இவளோட வேரே நீதான்டான்னு சொல்லிட்டேன்.